விலைப்படாமல் கிடக்கிற சாமான்: கொள்விலைக்குக் கீழே விற்கலாமா?

களுதாவளைப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியில் எங்களுக்கு ஒரு புடவைக் கடை இருக்கிறது. அப்பா நடத்தியது, இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். சாறி, சேட், சின்னப் பிள்ளைகளின் உடுப்பு, பாடசாலைச் சாமான், கொஞ்சம் பென்சி. கடையின் பின்னறையும் மேல்தட்டும் விலைப்படாத பெட்டிகளால் நிறைந்துவிட்டன. அதில் பெரும்பகுதி 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் கொழும்புப் புறக்கோட்டை மொத்தச் சந்தையில் எடுத்தது. விலை உச்சத்தில் இருந்த காலம், வேறு வழியும் இருக்கவில்லை.

இப்போது அதே மாதிரிச் சேட் புதிதாக எடுத்தால் எங்கள் பழைய கொள்விலையை விடக் குறைவாகக் கிடைக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குப் புதுச் சாமான் இறக்க வேண்டும். வைக்க இடமும் இல்லை, கையில் காசும் இல்லை. மொத்த வியாபாரிக்குத் திகதி போட்டுக் கொடுத்த செக் ஒன்று மாத முடிவில் வருகிறது.

நட்டத்துக்கு விற்றாவது காசாக்குவோம் என்பது என் எண்ணம். அப்பா ஒத்துக்கொள்கிறார் இல்லை. "முதலுக்குக் கீழே போனால் அது வியாபாரமே இல்லை, இன்னும் இரண்டு வருடம் கிடந்தாலும் கிடக்கட்டும்" என்கிறார். நாற்பது வருடம் கடை நடத்தியவர், அவர் சொல்லை லேசாகத் தள்ள என்னால் முடியவில்லை. கடை வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கல்முனை ஹாட்வெயார்:

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லுங்கள். கிடக்கிறதில் எது எவ்வளவு? எல்லாவற்றையும் "பழைய சாமான்" என்று ஒரே குவியலாகப் பார்த்தால் விடை வராது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தீர்களா?

களுதாவளைப் பிள்ளை:

நேற்றும் இன்றும் நானும் தம்பியும் பிரித்துப் பார்த்தோம் நானா. நான் நினைத்ததை விட வேறு மாதிரி இருந்தது.

சேட்டில் நல்ல நிறமெல்லாம் போய்விட்டது. நடு அளவு ஒன்றுகூட இல்லை. மிஞ்சியிருப்பது மிகச் சிறியதும் மிகப் பெரியதும்தான். பாடசாலைச் சப்பாத்தும் அதே கதை. சாறியில் இரண்டு வகை இருக்கிறது: நாளாந்தம் உடுக்கிற மெல்லிய துணிச் சாறிகள் ஒரு பெரிய அடுக்கு, கூறைச் சாறிகளும் மருதமுனைக் கைத்தறியும் கொஞ்சம். கண்ணாடி அலுமாரியில் வெயில் பட்ட சாறிகளை விரித்தால் மடிப்பு ஓரம் மட்டும் நிறம் வெளுத்துக் கோடு விழுந்திருக்கிறது. உள்ளே புதிதாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததும் வாங்க வந்தவர் திருப்பி வைத்துவிடுவார். பெண் பிள்ளைகளின் மினுக்கம் வைத்த சட்டைகள் நிறைய. மினுக்கம் கொட்டுகிறது. நிலத்தில் இருந்த இரண்டு பெட்டியின் அடியில் பூஞ்சணம். மாரியில் சுவர் ஊறியிருக்க வேண்டும்.

மட்டுநகர் கணக்காளர்:

சகோதரி, நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். உங்கள் அப்பாவின் பேச்சை அநேகமாக எல்லாக் கடையிலும் கேட்டிருக்கிறேன். அவர் மீது மரியாதை வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

ஒரு சாமானை 1,000 ரூபாய்க்கு எடுத்து 1,300 என்று விலை போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்றரை வருடம் போகவில்லை. இப்போது 700-க்குக் கொடுத்தால் 300 நட்டம். அப்பாவின் கண்ணுக்கு அந்த 300 தெரிகிறது. கையில் வருகிற 700 அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த 700-ஐ சாரம், துவாய், உள்ளாடை, பாடசாலைக் காலுறை போன்ற ஓடுகிற சாமானில் போடுங்கள். பத்து சதவீதம்தான் இலாபம், மாதம் ஒரு முறை விற்று முடிகிறது என்றால் மாதம் 70 ரூபாய். ஐந்து மாதத்துக்குள் அந்த 300 திரும்பிவிடும். ஆறாம் மாதத்திலிருந்து வருவது மேலதிகம். இன்னும் இரண்டு வருடம் கிடந்தாலோ, அந்த 700-ம் இருக்காது. மினுக்கம் கொட்டிய சட்டைக்கு இரண்டு வருடம் கழித்து யார் 700 கொடுக்கப் போகிறார்கள்?

எடுத்த விலை என்பது கொடுத்து முடிந்த காசு. இன்று அந்தச் சாமானை விற்றால் என்ன வரும், அந்தக் காசு வேறு என்ன செய்யும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். கணக்கியலிலும் இதே விதிதான். இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்கேஏஎஸ் 2, கையிருப்பை அதன் கிரயத்துக்கோ, விற்றால் செலவு போகக் கையில் வரக்கூடிய தொகைக்கோ, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் பதியச் சொல்கிறது. 1,000-க்கு எடுத்தது இன்று 700-தான் தரும் என்றால் புத்தகத்தில் 700 என்றுதான் இருக்க வேண்டும். பல கடைகளில் ஸ்டொக் பெறுமதி என்று ஒரு பெரிய தொகை எழுதியிருப்பார்கள், அதை நம்பி வங்கியில் கடனும் கேட்பார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் அதில் பாதி இல்லை.

வரி வருடம் மார்ச் 31-ல் முடிகிறது. அதற்கு முன் ஒரு முறை முழுக்க எண்ணி, பழுதானதைத் தனியாக எழுதி, நாள் போட்டு வையுங்கள். படமும் எடுத்து வையுங்கள். கழித்துவிட்ட சாமானுக்குக் கணக்கு கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும்.

ஓட்டமாவடி வியாபாரி:

கணக்காளர் ஐயா சொல்வது காகிதத்தில் சரி. நான் 2022-ஐ மறக்கவில்லை. அந்த வருடம் மார்ச்சில் டொலர் 200 ரூபாயளவில் இருந்து மே மாதத்தில் 360-க்குப் போனது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அப்போது யார் பிழைத்தது? பழைய சாமானை வைத்திருந்தவர்தான். மலிவு விற்பனை போட்டுக் காசாக்கியவர்கள் அந்தக் காசைக் கொண்டுபோய்ப் பாதிச் சாமான்தான் எடுத்தார்கள். என் பக்கத்துக் கடைக்காரர் அப்படித்தான் கடையைச் சுருக்கினார். எனவே "காசாக்கு, காசாக்கு" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் நாட்டில் சாமானும் ஒரு சேமிப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு முறை மலிவு விற்பனை போட்டால் சனம் அடுத்த மலிவு விற்பனைக்குக் காத்திருக்கும். பெருநாளைக்கு வந்து "எப்போ சேல் போடுவீங்க" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்துக் கடைக்காரனும் பகையாவான்.

கல்முனை ஹாட்வெயார்:

ஓட்டமாவடி காக்கா சொல்கிற 2022 உண்மைதான், நானும் அதில் பிழைத்தவன். என் கடையில் இருந்த குழாயும் வயரும் ஒரே மாதத்தில் விலை ஏறின. ஆனால் கதையின் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். அந்த 360 அளவில் இருந்த டொலர் 2023 நடுவில் 300-ஐ ஒட்டி இறங்கியது. இன்னும் ஏறும் என்று நம்பி உச்சத்தில் எடுத்து அடுக்கியவர்கள் அந்த இறக்கத்தில் மாட்டினார்கள். கடன் வட்டியும் 25 சதவீதத்துக்கு மேலே இருந்த காலம். இந்தத் தங்கச்சியின் பெட்டிகள் அந்த இறக்கத்தில் மாட்டியவை. ஏற்றத்தில் கிடைத்த பாடத்தை இறக்கத்தில் மாட்டிய சாமானுக்குப் பாவிக்க முடியாது.

நான் பார்க்கிற கணக்கு ஒன்றே ஒன்று: இதே சாமானை இன்றைக்குப் போய் எடுத்தால் என்ன விலை? அந்த விலைக்கு மேலே என் இலாபத்தை வைத்துத்தான் விற்பேன். 2022-ல் அது என் கொள்விலையை விட அதிகமாக இருந்தது, அதிகமாக விற்றேன். இப்போது குறைவாக இருக்கிறது, குறைத்து விற்கிறேன். ஏறும்போது மட்டும் இன்றைய விலை, இறங்கும்போது மட்டும் பழைய விலை என்று பிடித்துக்கொண்டிருந்தால் கடைக்கு யாரும் வர மாட்டார்கள்.

சாமானைச் சேமிப்பு என்று சொன்னால் எந்தச் சாமான் என்றும் சொல்ல வேண்டும். சீமெந்து மூன்று மாதம் தாண்டினால் பலம் குறையத் தொடங்கும், மாரிக் காற்றில் அதற்கும் முன்னரே மூடையின் ஓரம் கட்டியாகிவிடும். வெல்டிங் கூர் ஈரம் பிடித்தால் பொரியும். எங்கள் கடை கடலுக்குப் பக்கம். பூட்டுப் பெட்டியைத் திறந்தால் மேல் வரிசை பளபளக்கும், அடி வரிசையில் திறப்பு நுழையாது. ஆணி, கீல், கொளுக்கி எல்லாம் அப்படித்தான். பித்தளைக் குழாய் வாய், பிவிசி வளைவு, இவை வருடக்கணக்கில் இருக்கும். எது இருக்கும், எது இருக்காது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேமிப்பு என்று அடுக்குவது ஆபத்து.

அக்கரைப்பற்று பலசரக்கு:

புடவைக் கடைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, உங்கள் சாமானுக்குத் திகதி இல்லை. எங்களுக்குப் பாக்கெட்டிலேயே நாள் அடித்து வருகிறது. அந்த நாள் தாண்டினால் விற்பது குற்றம். 1980-ம் ஆண்டின் 26-ம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது, 2003-ம் ஆண்டின் 9-ம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து ராக்கையில் ஒரு பால்மா பாக்கெட் கண்டாலும் வழக்குத்தான். திகதி முடிந்ததைச் சும்மா கொடுத்தேன் என்று சொல்லியும் தப்ப முடியாது. அப்படிக் கொடுப்பதும் சரியில்லை, சாப்பிடுவது ஒரு ஏழை வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும். அதை நினைத்துப் பாருங்கள்.

நாங்கள் செய்வது: ராக்கையில் முன்னுக்கு வைப்பது எப்போது வந்த சாமான் என்று பார்த்து அல்ல, எது முதலில் முடியப் போகிறது என்று பார்த்து. சில வேளை புதிதாக வந்த பெட்டியின் திகதி பழையதை விடக் கிட்டவாக இருக்கும். அதை எடுக்கும்போதே பார்க்க வேண்டும். முடிய இரண்டு மாதம் இருக்கிற சாமானை காசாளர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் போட்டு, விலையைக் குறைத்து, "திகதி கிட்ட, அதனால் குறைத்திருக்கிறோம்" என்று எழுதி வைப்போம். மறைத்துத் தள்ளுவதை விட எழுதி வைத்தால் வேகமாகப் போகிறது. தேநீர்க் கடைக்காரர்கள் வந்து மொத்தமாக எடுப்பார்கள், அவர்கள் அன்றைக்கே பாவித்துவிடுவார்கள்.

அடித்த விலைக்கு மேலே விற்கத்தான் தடை, கீழே விற்கத் தடை இல்லை. சிலருக்கு அந்தப் பயமும் இருக்கிறது.

ரெப் அண்ணா:

நான் ரெப், கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி. வாகரையிலிருந்து பொத்துவில் வரை பிஸ்கட் லொறியோடு போகிறவன். எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கடைக்காரர் கோபிக்கக் கூடாது.

மாதம் முடிய எங்களுக்கு இலக்கு இருக்கும். 25-ம் திகதிக்குப் பிறகு "பத்துப் பெட்டி எடுத்தால் ஒன்று இலவசம்" என்று நாங்கள் வந்தால், அது உங்கள் தேவைக்காக வருவது இல்லை. உங்கள் கடையில் மாதம் நாலு பெட்டிதான் போகும் என்று உங்களுக்குத் தெரிந்தால் நாலுதான் எடுக்க வேண்டும். இலவசப் பெட்டியைச் சேர்த்துப் பதினொன்று. நாலு மாதத் திகதிச் சாமான் என்றால் மூன்றாம் மாதம் தொடங்கும்போதும் மூன்று பெட்டி மிஞ்சியிருக்கும், திகதியும் கிட்ட வந்திருக்கும். அந்த இலவசத்தின் பெறுமதி அங்கே போய்விடும்.

திரும்ப எடுக்கிற விஷயம். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு முறை இருக்கிறது. சிலர் திகதி முடிய முன் சொன்னால் மட்டும் எடுப்பார்கள், சிலர் பெட்டி உடையாமல் இருந்தால்தான், சிலர் எடுப்பதே இல்லை. வாயால் கேட்டுவிட்டு விடாதீர்கள். பில்லிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், ரெப் மாறிப்போவான், பில் மாறாது. இதை ஒரு ரெப்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அக்கரைப்பற்று பலசரக்கு:

அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும் தம்பி. இதை எந்த ரெப்பும் சொன்னதில்லை.

காத்தான்குடி ராத்தா:

நான் வீட்டிலிருந்து அபாயாவும் பிள்ளைகளின் உடுப்பும் விற்கிறேன். கடை இல்லை, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும்தான். தங்கச்சி சொன்ன "நடு அளவு இல்லை, சிறியதும் பெரியதும் மிச்சம்" என்பது எனக்கு அப்படியே தெரிந்த பிரச்சினை. கடையில் அந்தப் பெரிய அளவுச் சேட் தூங்கும். ஏனென்றால் அந்த உடம்புக்காரர் உங்கள் கடைக்கு வருவதே இல்லை, கிடைக்காது என்று முன்னரே முடிவு செய்துவிட்டார். ஒரு நாள் லைவ்வில் "பெரிய அளவு மட்டும்" என்று போட்டுப் பாருங்கள். வெட்கப்பட்டுக் கடைக்கு வராதவர்கள் உள்பெட்டியில் கேட்பார்கள். நான் அந்த அளவுக்கு விலை குறைப்பதே இல்லை, குறைக்கத் தேவையும் வருவதில்லை. மிகச் சிறியதுக்கு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களின் தாய்மாரிடம் சொல்லுங்கள். பெரியவர்களின் சின்ன அளவு அந்தப் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும்.

பழுதை மறைக்காதீர்கள். அந்த வெளுத்த மடிப்புக் கோட்டைக் கமெராவுக்குக் கிட்டக் கொண்டு வந்து காட்டி விலை சொல்லுங்கள். அந்தச் சாறியை சட்டை தைக்கவோ யன்னல் சீலை தைக்கவோ வாங்குகிறவர் இருக்கிறார். மறைத்து அனுப்பினால் ஒரு ஆள் எழுதுகிற ஒரு குறிப்பில் உங்கள் பெயர் போய்விடும்.

இன்னொரு விஷயம். எங்களுக்கு ரமழானில் ஸகாத், அதாவது செல்வத்திலிருந்து கொடுக்க வேண்டிய கட்டாயத் தர்மம், கணக்குப் பார்க்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு வருடமும் கடைச் சாமான் முழுவதையும் எண்ணி, அன்றைய சந்தைப் பெறுமதி போட்டு, 2.5 சதவீதம் கணக்கிடுகிறோம். விலைப்படாத சாமானையும் விட முடியாது. அப்போதுதான் அது எத்தனை வருடமாக என்னோடு இருக்கிறது என்று தெரியும். விற்காத சாமானுக்கு ஒவ்வொரு வருடமும் கையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்கும்போது, அதை இந்த வருடமாவது அனுப்பிவிட வேண்டும் என்று மனம் உறுதியாகும். அபாயா பழசானால் அதன் பெறுமதியை அன்றைய நிலைக்குத்தான் போட வேண்டும், வாங்கிய விலைக்குப் போட வேண்டியதில்லை என்று எங்கள் உஸ்தாத் விளக்கினார்.

கல்முனை ஹாட்வெயார்:

ராத்தா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான மாலிகி மத்ஹபில், தினமும் வாங்கி விற்கிறவருக்கும், நல்ல விலை வரட்டும் என்று சாமானை வைத்துக் காத்திருக்கிறவருக்கும் சட்டத்தைப் பிரித்துச் சொல்கிறார்கள். காத்திருக்கிறவர் விற்ற பிறகு ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுப்பார். நம் ஊரில் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபில் அந்தப் பிரிப்பு இல்லை, வருடம் நிறையும் நாளின் சந்தை விலைதான். சந்தேகம் உள்ளவர்கள் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேங்கிக் கிடக்கிற சாமானைப் பற்றி எத்தனை நூற்றாண்டுக்கு முன்னரே இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

வெல்லாவெளி மருந்துக்கடை:

நான் படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையில், உரமும் பயிர் மருந்தும் விதையும் விற்கிறேன். கிழக்கே கடல் பக்கத்து எழுவான்கரைக் கடைக்காரர்கள் சிலர் மிஞ்சின சாமானை லொறியில் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருவார்கள். அறுவடை முடிந்த மாதம், பெரும்போகத்துக்கு மாசி பங்குனி, சிறுபோகத்துக்கு ஆடி ஆவணி, சனத்திடம் காசு இருக்கும் என்று தெரிந்து வருவார்கள். வருவது நல்லதுதான். ஆனால் தங்கச்சி, ஒன்று சொல்ல வேண்டும். "படுவான்கரைக்காரர் எதையும் எடுப்பார்கள்" என்ற நினைப்போடு வராதீர்கள். மினுக்கம் கொட்டுகிற சட்டையை எங்கள் பிள்ளைக்கும் யாரும் வாங்கப் போவதில்லை. இங்கே தேவைப்படுவது வேறு: வயலுக்குப் போட முழுக்கைச் சேட், நிறம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பெரிய அளவு நல்லது, காற்று உள்ளே போகும். கறுத்தச் சாரம். தடித்த துவாய். உங்கள் பெரிய அளவுச் சேட்டைக் கொண்டு குருமண்வெளித் துறையால் மண்டூருக்கு வாருங்கள், நெல் ஏற்றுகிற காலத்தில் விற்றுத்தான் போவீர்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்திலும், மண்டூர் முருகன் திருவிழாவிலும் சனம் கூடும்.

கடனுக்குக் கொடுக்காதீர்கள். "அறுவடைக்குத் தாறன்" என்று எழுதினால் பழைய சாமான் பழைய கடனாக மாறுவதுதான் மிச்சம். என் கடன் கொப்பியே எனக்குப் போதும்.

என் சாமானைப் பற்றிக் கேட்டால், 2021-ல் இரசாயன உரத்தைத் தடை செய்த நேரம் விற்க முடியாமல் அடைத்து வைத்ததும், பின்னர் தடையை எடுத்த பிறகு பட்ட பாடும் தனிக் கதை. இங்கே வேண்டாம். மரக்கறி விதை மட்டும் சொல்கிறேன்: திகதி முடிந்த விதையை எந்த விலைக்கும் விற்கக் கூடாது. முளைக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு போகமே போய்விடும். நான் அதை எரித்துவிடுகிறேன்.

ஓட்டமாவடி வியாபாரி:

எல்லோரும் சொன்னதை வாசித்தேன். சேட்டையும் மினுக்கச் சட்டையையும் விடுங்கள் என்றால் சரி, விடலாம். அது வைத்திருக்கிற சாமான் இல்லைத்தான். ஆனால் அந்தக் கூறைச் சாறியையும் மருதமுனைக் கைத்தறியையும் மலிவு விற்பனையில் போட்டுவிடாதீர்கள். கைத்தறிக்குக் காலம் இல்லை. தம்பலகாமத்திலிருந்து பொத்துவில் வரை அதைத் தேடி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். பாவு போட்டு நெய்கிறவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள், இனி விலை இறங்காது. கூறைச் சாறிக்கு வருடத்தில் ஒரு கலியாண மாதம் வந்தாலும் போகும். அதை வெயில் படாமல், வெள்ளைத் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி வையுங்கள். சரிகை மடிப்பில் உடைந்தால் பிறகு அதற்கு மதிப்பு இல்லை.

சேல் போட்டால் சனம் காத்திருக்கும் என்பதில் நான் மாறவில்லை. வருடம் முழுக்கப் போர்ட் தொங்குகிற கடைகளைப் பாருங்கள், அந்தப் போர்ட்டை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. செய்வதாக இருந்தால் பழைய சாமானுக்கு மட்டும், ஒரு தவணை, நாள் குறித்து. புதுச் சாமானோடு கலக்காதீர்கள்.

மட்டுநகர் கணக்காளர்:

இதில் நான் ஓட்டமாவடி அண்ணனோடு நிற்கிறேன். கைத்தறியை வைத்திருப்பதும் மினுக்கச் சட்டையை விடுவதும் ஒரே கணக்குத்தான்: நாளைக்கு அதற்கு இன்றையதை விட என்ன கிடைக்கும்? கூறைச் சாறிக்குக் கிடைக்கும். மற்றதுக்குக் கிடைக்காது.

களுதாவளைப் பிள்ளை:

உண்மையாகவே நன்றி. இரவு சாப்பிட்ட பிறகு அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கூறைச் சாறி விஷயத்தில் ஓட்டமாவடி ஐயா சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அதை அவரே பொறுப்பெடுத்துத் துணி சுற்றுகிறார். மற்றதை "உங்கள் இஷ்டம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

அப்பா ஒரு பழைய பழக்கத்தையும் காட்டித் தந்தார். விலைச் சீட்டில் கொள்விலையை எங்களுக்கு மட்டும் தெரிகிற எழுத்தில் எழுதுவார்கள், பத்து எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் ஓர் இலக்கம். அதற்குக் கீழே இனி எடுத்த மாதத்தையும் எழுதப் போகிறோம். சீட்டைத் திருப்பினால் எவ்வளவு காலமாக நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு பெருநாளும் ஒரு சித்திரையும் தாண்டியும் நின்றால் விலை குறைப்பது என்று தம்பியோடு பேசி முடித்தோம்.

பூஞ்சணம் பிடித்த பெட்டிகளைக் கழித்துவிட்டோம். நல்லதாக இருந்தும் அளவு சேராமல் மிஞ்சிய சின்னப் பிள்ளை உடுப்புகளை வெயிலில் காயவிட்டு, முன்பள்ளி ஆசிரியை ஒருவரிடம் கொடுத்தோம்.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இதையெல்லாம் தள்ளி முடித்தாலும், புறக்கோட்டையில் சேட் செட்டாகத்தான் தருகிறார்கள். எல்லா அளவும் சேர்ந்து ஒரு கட்டு. நடு அளவு மட்டும் கேட்டால் தர மாட்டார்கள். அடுத்த வருடமும் இதே சிறியதும் பெரியதும் மிஞ்சும். இதற்கு என்ன செய்வது?

காத்தான்குடி ராத்தா:

எடுக்கிற நேரமும் முக்கியம் தங்கச்சி. பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. 2024-ல் நோன்புப் பெருநாளும் சித்திரையும் ஒரே வாரத்தில் வந்தன, ஒரு கொள்முதலே இரண்டுக்கும் போதுமாக இருந்தது. 2025-ல் பெருநாள் மார்ச் கடைசிக்குப் போனது. 2030-ல் பெப்ரவரி தொடக்கத்தில் வரும். அப்போது பெரும்போக அறுவடை முடிந்திருக்காது, வயல் காசு கைக்கு வர முன்னரே பெருநாள் வந்துவிடும். "போன பெருநாளைக்கு இவ்வளவு போனது" என்று அதே அளவு எடுத்தால் மிஞ்சும். கலண்டரையும் வயலையும் சேர்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

திருக்கோவில் சின்னக் கடை:

இவ்வளவு நாளும் வாசிக்க மட்டும் செய்தேன், இன்றைக்கு எழுத வேண்டும் போல இருந்தது. களுதாவளைப் பிள்ளை, எனக்கும் சின்னதாக ஓர் உடுப்புக் கடைதான். எங்களுக்கு நேர்மாறான பிரச்சினை. கடலுக்குப் போகிறவர்களும் வயல் வேலைக்காரரும்தான் என் வாடிக்கை, பெரிய அளவு முதலில் முடிந்துவிடும், நடு அளவுதான் மிஞ்சும். செட்டைப் பிரிக்க மொத்த வியாபாரி சம்மதிக்க மாட்டார், ஆனால் அவர் விற்ற பிறகு நாம் பிரித்தால் அவர் என்ன சொல்ல முடியும்? இரண்டு கடைக்கும் சேர்த்து எடுத்து, லொறியில் களுவாஞ்சிக்குடியில் இறக்கி, அங்கேயே பிரித்துக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்தால் பில்லும் பெரிதாகும், விலையும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.

களுதாவளைப் பிள்ளை:

அக்கா, இது எனக்கு ஏன் தோன்றவில்லை! என் பின்னறையில் பெரிய அளவுச் சேட் இப்போதே இருக்கிறது. மண்டூருக்கு அறுவடையில் கொண்டு போகிறதில் ஒரு கட்டை உங்களுக்கு எடுத்து வைக்கவா? கொள்விலையை விடக் குறைத்து, இன்றைய புறக்கோட்டை விலைக்கே தருகிறேன். உங்களிடம் மிஞ்சின நடு அளவை எனக்குத் தாருங்கள், கழித்துக்கொள்ளலாம்.

திருக்கோவில் சின்னக் கடை:

எடுத்து வையுங்கள். கறுப்பும் கடும் நீலமும் இருந்தால் முதலில் அது. வெள்ளை வேண்டாம், கரைவலை இழுக்கிறவர்கள் வெள்ளை வாங்க மாட்டார்கள். தனிச்செய்தியில் நிறமும் அளவும் அனுப்புங்கள், ஞாயிறு நான் களுவாஞ்சிக்குடி வருகிறேன். சித்திரைக் கொள்முதலையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுவோம்.

ரெப் அண்ணா:

வெள்ளி பின்னேரம் எங்கள் லொறி வெறுமனே திருக்கோவில் பக்கம்தான் போகிறது. டிரைவரோடும் டிப்போவோடும் கதைத்துவிட்டுச் சொல்கிறேன், இரண்டு மூன்று பெட்டி என்றால் அநேகமாக ஏற்றலாம்.